தலைக்கட்டு வரியும் உபயமும்: உலக சுகாதார நிறுவனத்துக்கு அரசுப் பணம் எதற்கு?

மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கம் வருஷா வருஷம் பார்க்கிற காட்சி இது. தோளில் புகை மெஷினை மாட்டிக்கொண்டு ஒருவர் தெருத்தெருவாக அடித்துக்கொண்டே வருவார். ஊர் முடிகிற இடத்தில், வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில், மெஷினை அணைத்துவிடுவார். கேட்டால், "அந்தாண்ட பாண்டிங்க, அவுங்க ஆளுங்க வந்து அடிப்பாங்க" என்பார். அந்த ஆளுங்க எப்போது வருவார்கள் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கடலூர் மாவட்டமும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடக்கிற எல்லை இது. வரப்புக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் பாகூர் கொம்யூன். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொல்லி பாட்டில் தேடுகிறார்கள். கொசுவை யாரும் நிறுத்திக் கேட்டதில்லை.

எல்லை தாண்டிப் பொதுவாக ஒரு சுகாதார அமைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடாது. அதற்கு யார் காசு கொடுப்பது, மக்களிடம் வாங்கிய வரியை எடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவுக்கு அனுப்ப அரசுக்கு என்ன உரிமை, அனுப்பினால் எந்த வேலைக்கு அனுப்புவது? 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டிரம்ப் உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் ஆணையில் கையெழுத்திட்டார். அடுத்த மாதமே அர்ஜென்டினா அதிபர் மிலேயும் விலகப் போவதாக அறிவித்தார். மிலே தன்னைச் சுதந்திரச் சந்தைக்காரர் என்று சொல்லிக்கொள்பவர். அதனால் செவ்வியல் தாராளவாதி என்றாலே "பத்துப் பைசா கொடுக்காதே" என்கிறவன் என்ற எண்ணம் பரவிவிட்டது. மூல நூல்களைப் புரட்டினால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் தாராளம் என்றால் கை நிறைய அள்ளிக் கொடுப்பது. தாராளவாத அரசு என்றதும் மிக்சி, கிரைண்டர் கொடுக்கிற அரசு நினைவுக்கு வந்தால் அது வாசகரின் குற்றமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த செவ்வியல் தாராளவாதம் இதற்கு நேர் எதிர்த் திசையில் நடப்பது. தனி மனிதன் சொத்தும் தொழிலும் அவனுடையது. அரசு சட்டம், காவல், நீதி, தனி ஆளால் கட்ட முடியாத சில பொதுக் காரியங்கள் இவற்றோடு நின்றுகொள்ள வேண்டும். சலுகையும் ஏகபோகமும் யாருக்கும் கூடாது.

இந்தச் சிந்தனைக்கும் புதுச்சேரிக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. "செய்ய விடு, போக விடு" என்ற முழக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் பிரெஞ்சு அதிகாரி வின்சென்ட் டி கூர்னே. அவர் வட்டத்தைச் சேர்ந்த பாதிரியார் மோரெல்லே 1769இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு வழக்கைக் கிழித்துத் தொங்கவிட்டு ஓர் அறிக்கை எழுதினார். அரசுத் தயவில் மட்டுமே மூச்சு விடுகிற கம்பெனிக்கு எதற்கு ஏகபோகம் என்பது அவர் வாதம். அதே ஆண்டில் அந்த ஏகபோகம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் கம்பெனியின் இந்தியத் தலைமையிடம் நம் புதுச்சேரி. தொலைதூரத் தலைமையகம், மேற்பார்வை இல்லாத செலவு, கடைசியில் அரசு கஜானா ஈடுகட்டுவது என்று மோரெல்லே அடுக்கிய குறைகளை இன்றைய சர்வதேச அமைப்புகள் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஆண்டு மட்டும்தான் மாறியிருக்கும்.

அதே நூற்றாண்டில், 1776இல், ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் ஆடம் ஸ்மித் எழுதியதைச் சுதந்திரச் சந்தைக்காரர்கள் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. நாடுகளின் செல்வம் பற்றிய நூலின் ஐந்தாம் பாகத்தில், மக்களின் வீரம் மங்காமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்று சொல்ல வந்தவர், உவமைக்குத் தொழுநோயை எடுக்கிறார். தொழுநோய் போன்ற அருவருப்பான நோய் பரவாமல் தடுப்பதில் அரசு எவ்வளவு கவனம் செலுத்துமோ அதே கவனம் இதற்கும் வேண்டும் என்கிறார்; பெரிய தீமை தடுக்கப்பட்டது என்பதைத் தவிர வேறு பலன் இல்லாவிட்டாலும் சரி என்று சேர்த்துச் சொல்கிறார். தொற்றுநோய்த் தடுப்பு அரசின் வேலையா என்று அவர் வாதாடவே இல்லை. எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை என்று எடுத்துக்கொண்டு அதை உவமையாக்கிவிட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் பொருளாதார அறிஞர் ஹாயக் பெரும்பாலான சுகாதார, துப்புரவுச் சேவைகளை அரசு செய்யத்தக்க காரியங்களில் சேர்த்தார். இன்னொரு பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1962இல் "அக்கம்பக்க விளைவு" என்று ஒன்றைப் பற்றிப் பேசினார். ஓடையை ஒருவன் நாசமாக்கினால் கீழே இருப்பவன் தலையில் செலவு விழுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் மட்டும் அரசுக்கு வேலை இருக்கலாம் என்பது அவர் கணக்கு. எங்கள் வாய்க்கால் மதகுக் கொசுவை அவர் பார்த்திருந்தால் ஓடையை விட்டுவிட்டு அதையே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருப்பார்.

ஆனால் இந்த விஷயத்துக்கு எனக்கு மிகவும் பயன்பட்டது ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய ஒரே ஒரு வாக்கியம். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு கோப்பு பார்த்தவர் அவர். தூரத்திலிருந்து ஆள்வதில் என்னென்ன கோளாறு வரும் என்று கைப்பழக்கமாகத் தெரிந்தவர். சுதந்திரம் பற்றிய நூலின் கடைசி அத்தியாயத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: காரியம் கெடாத அளவுக்கு அதிகாரத்தை எவ்வளவு பரப்ப முடியுமோ பரப்பு, தகவலை மட்டும் எவ்வளவு முடியுமோ மையத்தில் குவி, அங்கிருந்து எல்லாருக்கும் பரப்பு. அவர் சொன்னது ஊராட்சிகளையும் மைய அரசையும் பற்றி. சர்வதேச சுகாதார அமைப்புக்குப் பணம் தரலாமா என்ற கேள்விக்கு இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. தகவல் சேர்க்கவும் எச்சரிக்கவும் சோதித்துப் பார்க்கவும் ஆகும் செலவுக்கு ஒரு செவ்வியல் தாராளவாதி வரிப்பணம் தருவான், தரவும் வேண்டும். எப்படி வாழ வேண்டும் என்று உத்தரவு போடும் வேலைக்கு அவன் தர மாட்டான். சிக்கல் என்னவென்றால் ஒரே அலுவலகம்தான் இரண்டையும் செய்கிறது, ஒரே பையிலிருந்து.

அந்தப் பையில் எப்படிப் பணம் சேருகிறது என்று பார்ப்போம். இதற்கு நம் ஊரிலேயே சொல் இருக்கிறது.

தேவனாம்பட்டினம் மாதிரியான கடற்கரை ஊர்களில் திருவிழா வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தலைக்கட்டு வரி போடும். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. ஆளுக்கு இவ்வளவு என்று தீர்மானம். அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று ஊர்தான் முடிவு செய்யும். கணக்கும் ஊர் நடுவில் படிக்கப்படும். இன்னொன்று உபயம். வசதி உள்ளவர் "வாணவேடிக்கை என் உபயம்" என்று சொல்லிப் பெயரைப் போட்டுக்கொள்வார். டியூப்லைட் வாங்கிக் கொடுத்து வெளிச்சம் தெரியாத அளவுக்கு அதன்மேல் தன் பெயரை எழுதியவரும் உண்டு. கோயில் குளத்தைத் தூர்வார உபயம் கேட்டுப் பாருங்கள். யாரும் வர மாட்டார்கள், தூர்வாரிய குளத்தில் பெயர் எழுத இடம் கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் இதுதான். உறுப்பு நாடுகள் கட்டும் சந்தா தலைக்கட்டு வரி. நாட்டின் வசதியைப் பார்த்து விகிதம் போடுவார்கள். அமெரிக்கா உறுப்பினராக இருந்தவரை அதற்கு 22 விழுக்காடு, இந்தியாவுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு. மற்றது எல்லாம் விருப்ப நன்கொடை, பெரும்பாலும் "இந்த நோய்க்கு, இந்த நாட்டில், இந்த வேலைக்கு மட்டும்" என்று முத்திரை குத்தி வரும் உபயம். 1970களில் சந்தாதான் பெரும்பங்கு. 1980களிலிருந்து சந்தாவை ஏற்ற மாட்டோம் என்று பணக்கார நாடுகள் பிடித்த பிடியில் அது சுருங்கிக்கொண்டே போனது. 2024-25 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து ஒப்புக்கொண்ட திட்டச் செலவு சுமார் 683 கோடி டாலர்; அதில் சந்தா ஆறில் ஒரு பங்குதான். அமெரிக்கா 2022-23இல் மொத்தம் சுமார் 128 கோடி டாலர் கொடுத்தது. அதிலும் சந்தா சிறு பகுதி, மீதி உபயம். கேட்ஸ் அறக்கட்டளை நாடுகளோடு போட்டி போட்டு இரண்டாம் மூன்றாம் இடத்தில் நின்றது.

அந்த 683 கோடி டாலர் பெரிதாகத் தோன்றலாம். ஆண்டுக்கு என்று பிரித்து ரூபாயாக்கினால் முப்பதாயிரம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாடு அரசின் சுகாதாரத் துறை ஒதுக்கீடே இப்போது 20 ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. உலகத்துக்கே வைத்தியம் பார்க்கிறதாக நினைக்கும் ஓர் அமைப்பின் வரவுசெலவு, ஒரு மாநிலத்துச் சுகாதாரத் துறையுடையதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். "உலக அரசாங்கம் நம்மை விழுங்கப் போகிறது" என்று பயமுறுத்துகிறவர்களும் "அது இல்லாவிட்டால் உலகமே அழிந்துவிடும்" என்கிறவர்களும் இந்த எண்ணை ஒரு தடவை பார்க்கலாம்.

இங்கேதான் செவ்வியல் தாராளவாதிக்கு ஒரு முடிச்சு. கொள்கைப்படி அவனுக்குப் பிடிக்க வேண்டியது விருப்ப நன்கொடை. கட்டாயம் இல்லை, பிடிக்காவிட்டால் நிறுத்தலாம், எதற்குக் கொடுத்தோம் என்று தெரியும். நடந்தது என்ன? உபயக்காரர்கள் எல்லாரும் வாணவேடிக்கைக்குக் கொடுத்தார்கள். எண்ணிக் காட்டத்தக்க தடுப்பூசித் திட்டங்களுக்குப் பணம் வந்தது. நோய் எங்கே தலைகாட்டுகிறது என்று சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற வேலைக்கு வரவில்லை. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, தொற்று அவசரநிலைக்கான ஒதுக்கீடு, முந்தைய ஆண்டு ஒப்புக்கொண்ட 2014-15 திட்டத்திலேயே பெருமளவு வெட்டப்பட்டிருந்தது. மார்ச்சில் தெரிந்த நோய்க்கு ஆகஸ்ட் 8 அன்றுதான் சர்வதேச அவசரநிலை அறிவித்தார்கள். மில் சொன்ன தகவல் வேலை குளத்துத் தூர் மாதிரி. அதற்கு உபயம் வராது. தலைக்கட்டு வரிதான் போட வேண்டும். கட்டாயச் சந்தா வேண்டாம், விருப்பம்போல் கொடுக்கட்டும் என்கிற தாராளவாத வாதம், அந்த மரபே நியாயம் என்று ஏற்கும் ஒரே வேலையைப் பட்டினி போட்டுவிடுகிறது. இதை அந்தப் பக்கத்து எழுத்தாளர்கள் நேருக்கு நேர் பேசி நான் அதிகம் படித்ததில்லை.

உறுப்பு நாடுகளுக்கு இது புரியாமல் இல்லை. 2030-31க்குள் அடிப்படைச் செலவில் பாதியைச் சந்தாவாலேயே ஈடுகட்டுவது என்று 2022இல் தீர்மானித்தார்கள். 2023இல் 20 விழுக்காடு ஏற்றினார்கள். 2025 மே மாதம் இன்னொரு 20 விழுக்காடு. அதே கூட்டத்தில், அமெரிக்கா போன பள்ளத்தை நிரப்ப முடியாமல், 2026-27 திட்டத்தை 530 கோடி டாலரிலிருந்து 420 கோடிக்குக் குறைத்தார்கள்.

குறை சொல்கிறவர்கள் பக்கம் சரக்கு இல்லாமல் இல்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஜேம்ஸ் புக்கனனும் கோர்டன் டல்லக்கும் தொடங்கிவைத்த 'பொதுத் தெரிவு' (public choice) கோட்பாடு கேட்கும் கேள்வி எளிது: அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவனும் மனிதன்தானே, கடைக்காரனைப் போல அவனுக்கும் தன் நலம் இருக்காதா? உள்ளூர் அதிகாரி சரியில்லை என்றால் கவுன்சிலரைப் பிடித்து உலுக்கலாம், அடுத்த தேர்தலில் பழி தீர்க்கலாம். ஜெனீவாவில் இருப்பவரை நெல்லிக்குப்பத்து வாக்காளர் எப்படி உலுக்குவார்? நடுவில் எத்தனை படி! 2017இல் ஏபி செய்தி நிறுவனம் வெளியிட்ட தகவல்படி உலக சுகாதார நிறுவனம் பயணத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர் செலவழித்தது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் சேர்த்துச் செலவழித்ததைவிட அதிகம். டீக்கடையில் இதைச் சொன்னால் "நம்ம ஆளுங்க தேவலாம்பா" என்பார்கள்.

இரண்டாவது குறை, தொற்றுநோயிலிருந்து வாழ்க்கைமுறைக்குத் தாவியது. காலரா என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு வரும். நான் குடிக்கும் சர்க்கரைத் தண்ணீர் உனக்கு வராது. அடுத்தவருக்குக் கெடுதி வரும் இடத்தில்தான் அரசு தலையிடலாம் என்று மில் போட்ட கோட்டில் முதலாவது உள்ளே, இரண்டாவது வெளியே. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் புகையிலை, மது, சர்க்கரை பானங்களின் விலையை 2035க்குள் வரி மூலம் குறைந்தது 50 விழுக்காடு ஏற்றச் சொல்லி நாடுகளை அழைத்தது. மது வரியை நம்பி வாழும் புதுச்சேரி கஜானாவுக்கும், சரக்கு வாங்க எல்லை தாண்டி முள்ளோடைக்கு பைக்கில் போகும் கடலூர்க்காரருக்கும் இந்த அழைப்பு எப்படிக் கேட்கும் என்பதை வாசகர் கற்பனைக்கு விடுகிறேன். (மது வேண்டாம் என்பவன்தான் நானும். அதை ஜெனீவா சொல்ல வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன்.) புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் ஏழாவது மாநாடு 2016 நவம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்தபோது பொதுமக்களையும் பத்திரிகைக்காரர்களையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். புகையிலைக் கம்பெனிக்காரர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். வரிப்பணத்தில் நடக்கிற கூட்டம் அது.

தைவான் விவகாரமும் உண்டு. 2009 முதல் 2016 வரை பார்வையாளராக உட்கார வைத்தவர்களைப் பிறகு சீனாவின் கோபத்துக்காக வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தகவலைக் குவிப்பதுதான் வேலை என்றால் இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஒரு தீவின் தகவலுக்கு நாற்காலி இல்லை என்பது எந்த அளவுகோலிலும் உதைக்கிறது.

வெளிநாட்டு உதவியையே பொதுவாகச் சந்தேகித்த தாராளவாதிகளும் இருந்தார்கள். பொருளாதார அறிஞர்கள் பீட்டர் பவர், நம் நாட்டின் பி.ஆர். ஷெனாய் இருவரும் சொன்னது: அரசு அரசுக்குக் கொடுக்கும் பணம் மக்களைத் தூக்கிவிடாது, வாங்குகிற அரசின் பிடியைத்தான் இறுக்கும். பாலம், அணை, ஆலை என்ற உதவிக்கு இது பெரும்பாலும் பொருந்தியது. நோய்த் தகவலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

இப்போது நம் பக்கத்துக் கதை ஒன்று. என் பார்வையில் இந்தக் கேள்வியின் இரண்டு முகமும் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரிவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் பிறந்ததில் நம்மவர் கை உண்டு. ஆற்காடு ராமசாமி முதலியார் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர். அந்த மன்றம் கூட்டிய மாநாட்டில்தான் 1946 ஜூலை 22 அன்று 61 நாடுகள் நிறுவனத்தின் சாசனத்தில் கையெழுத்திட்டன. அவருடைய இரட்டைச் சகோதரர் லட்சுமணசாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத்தைக் கால் நூற்றாண்டுக்கு மேல் நடத்திய துணைவேந்தர், 1961இல் டெல்லியில் கூடிய உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைமை தாங்கினார்.

எதிர்த்த குரலும் நம் பக்கத்திலிருந்தே வந்தது. 1948இல் யூனிசெஃப், ஸ்காண்டிநேவிய அமைப்புகளின் உதவியோடு இந்தியாவில் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கம் தொடங்கியது; கிண்டியில் மருந்து தயாரிக்கும் கூடம் வந்தது; பின்னால் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்துகொண்டது. 1955இல் ராஜாஜி அதை எதிர்த்துத் தனிப் புத்தகமே எழுதினார். பலன் உறுதியாகாத ஒன்றை ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் மொத்தமாகப் போடுவதா என்பது அவர் கேள்வி. முதலமைச்சராக இருந்து இறங்கிய மறு ஆண்டு அது. பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யத்தை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி தொடங்க இன்னும் நான்கு ஆண்டு இருந்தது. கிழவருக்கு விஞ்ஞானம் தெரியவில்லை என்று அன்று பலர் சிரித்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1956இல், சென்னையில் ஒரு சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக சுகாதார நிறுவனம் ஆகிய நால்வரும் கூட்டு. காசநோய் என்றால் சானடோரியம் என்கிற தனி மருத்துவமனை, நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை என்று உலகமே நம்பிய காலம். ஏறத்தாழ இருநூறு நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியைக் குடிசையிலேயே, நெரிசலில், அரைகுறைச் சாப்பாட்டோடும் வைத்து இரு பக்கத்துக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் குணமானதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு அச்சானது. உலகெங்கும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. வீட்டைவிட்டு ஆளைப் பிரித்து அடைத்து வைக்க வேண்டியதில்லை என்று நிரூபித்ததைவிடச் சுதந்திரத்துக்கு ஒரு மருத்துவ ஆராய்ச்சி வேறென்ன செய்ய முடியும்? இந்தத் தகவலுக்கு எந்த மருந்துக் கம்பெனியும் காசு போட்டிருக்காது. ஏற்கெனவே இருந்த மருந்துகள்தான் அவை. எந்தத் தனி நாடும் முழுச் செலவை ஏற்றிருக்குமா என்பதும் சந்தேகம், கண்டுபிடித்ததும் பலன் ஊருக்கெல்லாம் போய்விடும்.

ராஜாஜியின் கேள்விக்குப் பதில் வர இன்னும் நாளானது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2,60,000 பேரை வைத்து பி.சி.ஜி. சோதனை தொடங்கினார்கள். அதற்கும் உலக சுகாதார நிறுவனம் தோள் கொடுத்தது. ஏழரை ஆண்டுக் கணக்கைப் பார்த்து எல்லாரும் அதிர்ந்தார்கள்: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் மாதிரியான கடுமையான காசநோயைத் தடுக்கும் என்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். ராஜாஜி பாதி சரி, பாதி தவறு. ஆனால் எது பாதி என்று சொன்னது சர்வதேசப் பணத்தில் நடந்த சோதனை. அதே அமைப்பு முன்னால் தூக்கிப் பிடித்த இயக்கத்துக்கு எதிராகவே சொன்னது. உத்தரவு போட்ட கை வழுக்கியது, தகவல் சேர்த்த கை அதைத் திருத்தியது.

பெரியம்மையிலும் இந்த இரண்டு கையும் உண்டு. 1967இல் முடுக்கிவிடப்பட்டு 1980இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்துக்கு மொத்தம் சுமார் 30 கோடி டாலர். மூன்றில் ஒரு பங்குதான் வெளிப்பணம், மற்றது நோய் இருந்த நாடுகளே போட்டது. உலக வரலாற்றில் வரிப்பணத்துக்குக் கிடைத்த மிக மலிவான சரக்கு இதுவாக இருக்கலாம். வட இந்தியாவில் சில இடங்களில் ராத்திரி கதவை உடைத்து, பிடித்து அமுக்கி ஊசி போட்டதும் பதிவாகியிருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது எனக்கு உவப்பாக இல்லை.

எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். எங்கள் ஆயாவுக்கு யானைக்கால். இடது கால் முழங்காலுக்குக் கீழே தடித்து, மழை நாளில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் திண்ணையிலேயே கிடப்பாள். கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கமும் புதுச்சேரியிலும் அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு பேர் இப்படி இருந்தார்கள். சாக்கடையில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு கடத்தும் புழு அது. புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க் கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை, மருந்தை மட்டும் நம்பாமல் கொசு உற்பத்தியாகும் இடங்களையே குறிவைத்து நகரத்தில் ஒரு பெரிய முயற்சி செய்தது. மத்திய அரசின் பணம் அது. அங்கே தெரிந்துகொண்டது உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக மற்ற நாடுகளுக்குப் போனது. அந்த மையம் நிறுவனத்தின் கூட்டு மையமும் ஆனது. தகவல் ஜெனீவாவிலிருந்து மட்டும் கிளம்புவதில்லை, அந்த மையம் இருக்கும் புதுச்சேரி இந்திரா நகரிலிருந்தும் கிளம்புகிறது.

1997இல் உலக சுகாதாரப் பேரவை யானைக்காலை ஒழிக்கத் தீர்மானம் போட்டது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாருக்கும் மாத்திரை. அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையை ஸ்மித்கிளைன் பீச்சம் கம்பெனி (பின்னாளில் ஜிஎஸ்கே) 1998இல் இலவசமாகத் தர முன்வந்தது. யானைக்கால் புழுவைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரையை எங்கள் மாவட்டத்தில் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தீர்மானம் போட்டவர்களுக்குத் தெரியாத ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. மாத்திரை போட்டால் தலை சுற்றும், காய்ச்சல் வரும் என்று பேச்சு. புழு உள்ளவர்களுக்குத்தான் அப்படி வரும் என்று யாரும் நிதானமாகச் சொல்லவில்லை. "சாப்ட்டுட்டுப் போட்டுக்கறேம்மா" என்று வாங்கி அலமாரியில் போட்டுவிடுவார் பெரியப்பா. கொடுத்த கணக்கில் ஏறியது. விழுங்கிய கணக்கு வேறு. ஆயா செத்த பிறகு அலமாரியைக் காலி செய்தபோது மஞ்சளாகிப் போன காகிதப் பொட்டலங்கள் ஐந்தாறு கிடைத்தன. தொலைவில் இருக்கிற திட்டக்காரன் கைக்கு எட்டாத அறிவு ஊரில் சிதறிக் கிடக்கிறது என்று ஹாயக் எழுதியபோது விலைகளைத்தான் நினைத்திருப்பார். எனக்கு அந்தப் பொட்டலங்கள்தான் நினைவுக்கு வரும்.

அறக்கட்டளைகளே பார்த்துக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1913 முதல் 1951 வரை கொக்கிப்புழு, மஞ்சள் காய்ச்சல் என்று உலகம் முழுக்க அதைச் செய்தது, நன்றாகவே செய்தது. பிறகு அதன் இயக்குநர் குழு போதும் என்று முடிவு செய்தது, கடையை மூடியது. உபயக்காரருக்கு அந்த உரிமை உண்டு.

போகிற உரிமையும் முக்கியம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் சாசனத்தில் விலகுவதற்கு விதியே எழுதவில்லை. 1949இல் சோவியத் நாடு போனபோது "செயல்படாத உறுப்பினர்" என்று பெயர் வைத்துச் சமாளித்தார்கள். அமெரிக்கா மட்டும் 1948இல் சேரும்போதே, ஓராண்டு முன்னறிவிப்போடு போகலாம், அந்த ஆண்டு பாக்கியைக் கட்டிவிட வேண்டும் என்று தானே எழுதி வைத்துக்கொண்டது. அந்த ஓராண்டு 2026 ஜனவரியில் முடிந்தது. தலைக்கட்டு வரியைப் பாக்கி வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறவரைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்களோ அதைத்தான் ஜெனீவாவிலும் பேசினார்கள்.

ஆகவே இந்தியா கட்டும் அந்த ஒரு விழுக்காட்டைக் கட்டலாம் என்பதே என் கணக்கு. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக்கூடக் கட்டலாம், கண்காணிப்புக்கும் சோதனைக்கும் என்று தனிக் கணக்கில் பிரித்துக் காட்டினால். கூட்டக் கதவைத் திறந்து வைத்தால். சர்க்கரைக்கு வரி எவ்வளவு என்பதை அந்தந்தச் சட்டமன்றத்துக்கு விட்டால். யானைக்கால் மாதிரியான நோயில் மாத்திரை கொடுத்து முடித்த பிறகுதான் சலிப்பான வேலை ஆரம்பிக்கிறது. புழு திரும்ப வருகிறதா என்று வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் புழு பகலில் ரத்தத்தில் தலைகாட்டாது. ராத்திரி எட்டு, ஒன்பதுக்கு மேல் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி எடுக்க வேண்டும். நன்கொடை கொடுப்பவருக்கு அதில் காட்டிக்கொள்ள ஒரு படம்கூடத் தேறாது.

கடைசியாக எங்கள் தெருவுக்கு வந்தவர் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண், கையில் டார்ச்சும் கண்ணாடித் தகடு அடுக்கிய பெட்டியும். ஒன்பதரை மணி. பெரியம்மா சீரியலை விட்டு எழுந்து வந்து வாசலிலேயே மறித்தார்.

"எங்க வூட்ல இப்ப யாருக்கும் இல்லம்மா. இருந்தவங்களும் போய்ட்டாங்க."

"தெரியும் பெரியம்மா. இல்லன்னு எழுதறதுக்குத்தான் வந்திருக்கேன், வெரலக் குடுங்க."